புஸ்பத்தின் தோணியும் வெல்வெட் செவிமெத்தையும்

பொதுமக்களின் குறைகளை அரசாங்கம் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்று நெடுநாளாக ஒரு பேச்சு இருந்துவந்தது. அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பொருட்டு, தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் மட்டக்களப்பில் எங்கள் அரசாங்கக் கந்தோருக்கு இரண்டு கசெட் ரெக்கோடரும் இரண்டு ஹெட்போனும் அன்பளிப்புச் செய்தது. 'வாய்மொழி முறைப்பாட்டுப் பிரிவு' பிறந்தது. நாடா வெட்டி, குத்துவிளக்கேற்றி, வடை தின்று கைகழுவிய பிறகுதான், கேட்பதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கல்லடியிலிருந்து சைக்கிளில் வந்துபோகும் எழுதுவினைஞன் சாமித்தம்பி, அதாவது நான், அந்தக் கதிரையில் இருத்தப்பட்டேன்.

முறை இதுதான். ஓர் அறையில் சனம் தன் குறையைக் கசெட்டுக்குச் சொல்லும். அடுத்த அறையில் நான் ஹெட்போனைப் போட்டுக் கேட்டு எழுதி, கடுமை, நடுத்தரம், அமைதி என்று தரம் போட வேண்டும். தரத்தைக் குரலை வைத்தே போட வேண்டும் என்பது சுற்றறிக்கை. உண்மை பொய் விசாரிக்கப் போனால் வாகனம் வேண்டும், எண்ணெய் வேண்டும், ஏழு இராணுவச் சென்றி தாண்ட வேண்டும். குரலோ தானாக மேசைக்கு வருகிறது. இந்த நியாயத்தில் ஒரு பிழையும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

தொல்லை ஹெட்போனின் பஞ்சில் தொடங்கியது. உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் அதன் கறுப்புத் தோல் பொரிந்து, என் காதெல்லாம் கரி அப்பியது. கந்தோரில் அடுப்பு ஊதுகிறீர்களா என்று வீட்டில் கேட்டார்கள். புதுப் பஞ்சு கேட்டு எழுதினேன். கடிதங்களில் அதற்குச் 'செவிமெத்தை' என்று பெயர் வைத்தேன், பஞ்சு என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? மூன்று மாதத்தில் பதில் வந்தது. செவிமெத்தை காகிதாதி வகையிலும் இல்லை, தளபாட வகையிலும் இல்லை. அதனுள் இருப்பது பஞ்சாக இருக்குமானால், காயத்துக்குக் கட்டும் பொருள் என்பதால், பாதுகாப்புத் தரப்பின் சிபாரிசு தேவை. அதுவரை வெறுங்காதோடு கேட்பது ஒழுங்கு மீறல்.

ஆகவே காத்தான்குடித் தையற்காரர் அப்துல் மஜீதிடம் போனேன். அவர் செருப்புக்குரிய ஸ்பொஞ்சை வட்டமாக வெட்டி, மிஞ்சிய சேட்டுத் துணியால் போர்த்தித் தைத்துத் தந்தார். அதில் துணிவழியாகக் காற்றுப் போய்வந்தது. கனத்த அடிக்குரலெல்லாம் அந்த வழியே கசிந்து, மெல்லிய கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சியது. மாடு காணாமல் போனவரும், மகன் காணாமல் போனவரும் ஒரே மாதிரி அலறினார்கள். அந்த மாதம் 'கடுமை' நாற்பத்தொன்று. எங்கள் பொறுப்பதிகாரி யோகராசா ஐயாவை மேலிடத்தில் நிறுத்திவைத்து ஏசினார்கள்.

அடுத்ததை மோட்டார் சைக்கிள் சீற்றின் ரெக்சினில் தைத்தோம். காதை அப்படியே அடைத்துக்கொண்டது. ஒரு துளி காற்றும் புகாததால் எல்லாக் குரலும் கனத்து, சோற்றுக்கு வழியில்லாத கிழவர்கூட அதிகாரம் பண்ணுவது போலிருந்தது. அரசாங்கத்தை மிரட்டும் தொனியில் சனம் பேசுவதாக அறிக்கை போயிற்று. இந்த முறை மேலிடத்தில் ஏச்சோடு நிற்கவில்லை, ஐயாவிடம் விளக்கமும் கேட்டார்கள்.

மூன்றாவதுதான் வெல்வெட். கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்த மெரூன் துண்டு. உள்ளே இலவம்பஞ்சு நிறைய அடைத்து, காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இரண்டு மடிப்புத் துணியும் மஜீத் வைத்துத் தந்தார். "கிளாக்கர், இதைப் போட்டா ஆர் கத்தினாலும் தாலாட்டுப் போலதான் கேக்கும்" என்றார். சொன்னபடியே இருந்தது. சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது, அதிலிருந்த கூர் மட்டும் போய்விட்டது. அழுகை தொண்டை கனைப்பது போலானது. கோபம் மரியாதையானது. அந்த மாதம் 'அமைதி' ஐம்பத்திரண்டு, 'கடுமை' பூச்சியம். மாவட்டத்தின் நிலை திருப்திகரமாக முன்னேறிவருவதாக யோகராசா ஐயாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

பெரியகல்லாற்றுப் புஸ்பத்தின் கதை இதற்குள்தான் வருகிறது. அவளுடைய தோணியைச் சென்றிக்காரர்கள் 'தற்காலிகப் பொதுத் தேவைக்காக' எடுத்து, உள்ளே மண்ணை நிரப்பி, வீதிக்குக் குறுக்கே தடையாகப் போட்டுவிட்டார்கள். கார்த்திகை மழையில் வாவி நிரம்பியதும், தண்ணீர் கடலுக்கு ஓட மணல்திட்டை அறுத்து ஆற்றுவாய் வெட்டுவார்கள். வெட்டிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் இறால் ஓடும். அவள் தோணி வலிக்க, தம்பிக்காரன் வலை வீச, அந்த நாட்களில் பிடிப்பதுதான் மற்ற மாதங்களுக்கும் அந்த வீட்டில் உலை வைக்கும். தோணிக்குரிய பதிவுத் துண்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டதால், தனக்கொரு தோணி இருந்தது என்பதற்குச் சாட்சியாகத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். அதற்கு நான் 'தடயப் பொருள் இல. 1' என்று அட்டைத் துண்டு கட்டிவிட்டேன்.

மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் ஒரே குறையைத்தான் சொன்னாள். முதல் தடவை செருப்புப் பஞ்சு: கடுமை. இரண்டாம் தடவை ரெக்சின்: நடுத்தரம், மிரட்டும் தொனி. மூன்றாம் தடவை வெல்வெட்: அமைதி. மூன்றையும் ஒரே கோவையில் வைத்துப் பார்த்த யோகராசா ஐயாவுக்கு விஷயம் வெளிச்சமானது. குறை தன்பாட்டில் குறைந்துவருகிறது! குறை தீர்ந்தமைக்கான உறுதிக் கடிதம் ஒன்றை ரைப் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

நாலாம் தடவை அவள் வந்தபோது அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தி, "உங்கட முறைப்பாடு தீர்ந்துபோச்சு" என்றார் ஐயா.

"தோணி சென்றியடியில கிடக்கே, ஐயா. இப்பதான் பாத்துப்போட்டு வாறன்."

"அது கண்ணுக்கு. குரலின்படி தீர்ந்திட்டு."

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"சொன்னீங்க. ஆனா அமைதியாச் சொல்லியிருக்கிறீங்க. சாமித்தம்பி, அவவுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டும்."

ஹெட்போனைப் புஸ்பத்தின் தலையில் மாட்டினேன். அவள் துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு தன் குரலைக் கடைசிவரை கேட்டாள். பிறகு கழற்றி என் கையில் தந்தாள்.

"இந்த மனிசி நல்லாத்தான் இருக்கா, தம்பி. இவவுக்கு ஒரு குறையும் இல்ல. என்ர குறைய எப்ப கேப்பீங்க?"

நான் ஹெட்போன் வயரைச் சுருட்டி வைத்தேன். ஐயா கடிதத்தை நீட்டினார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

போகிற வழியில் தோணி கிடந்த சென்றியில் அதைக் காட்டினாள். அந்தச் சென்றியின் பொறுப்பாளர் ஒரு கடிதத்தையும் கடைசி வரி வாசிக்காமல் விடாதவர். புஸ்பத்தின் கடிதத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். முத்திரையைப் பார்த்தார். பிறகு யோசித்தார். இவளுக்குத் தோணி பற்றிக் குறையில்லை என்று அரசாங்கமே எழுதியிருக்கிறது. குறையில்லை என்றால் தோணி இவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இவளிடம் இருக்கும் தோணி இங்கே இருக்க முடியாது. அப்படியானால் இங்கே கிடப்பது யாருடையது? பதிவில்லாத, உரிமையாளர் தெரியாத தோணி ஒன்று, அதுவும் மண் நிரப்பிய நிலையில், முகாம் வாசலில்! அவருக்கு வியர்த்துவிட்டது. ஐந்து பேரை விட்டு மண்ணை அள்ளிக் கொட்டுவித்தார். அந்தச் சந்தேகத்துக்குரிய தோணியை உடனடியாக அப்புறப்படுத்தும்படி, பக்கத்தில் துடுப்போடு நின்ற ஒரே ஆளான புஸ்பத்துக்கு உத்தரவு போட்டார்.

அவள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாள். மறுநாள் ஆற்றுவாய் வெட்டினார்கள்.

எங்கள் கந்தோர் ஒரு குறையை மெய்யாகவே தீர்த்துவைத்தது அதுதான் முதல் தடவை, பெருமை முழுவதும் வெல்வெட்டுக்குப் போயிற்று. எல்லாத் திணைக்களத்துக்கும் வெல்வெட் செவிமெத்தை கட்டாயமாயிற்று. அதிகாரிகளுக்கு மெரூன், எழுதுவினைஞருக்குப் பச்சை. ரெக்கோடர் இல்லாதவர்களும் கூட்டங்களுக்குக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிறகு ஊருக்குள்ளும் இறங்கியது. ஹெட்போனே இல்லாமல், இரண்டு மெத்தையையும் இலாஸ்டிக்கில் கோத்து மஜீத் தைத்து விற்றார். பின்நேரங்களில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கரையில் யாரோ நெல்லுக் குத்துவது போல இருக்கும். அந்த வருஷம் காத்தான்குடிப் பெண்பிள்ளைகள் கல்யாண ஜாக்கெட்டுக்கு வெல்வெட் கிடைக்காமல் அலைந்தார்கள்.

முறைப்பாடே இல்லாத மாவட்டத்துக்கு முறைப்பாட்டுப் பிரிவு எதற்கு? மூடிவிட்டார்கள். யோகராசா ஐயாவை மாற்றிப் பனிச்சங்கேணிக் காட்டுப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். மனிதர் அரை மணித்தியாலம் கசெட்டில் விம்மி விம்மி அழுது மேலிடத்துக்கு அனுப்பினார். நாங்கள் அன்பளிப்பாக அனுப்பிய மெரூன் சோடி மேலிடத்துக் காதிலும் இருந்தது. புதிய நியமனம் குறித்துத் தாங்கள் தெரிவித்த மனநிறைவுக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு அடங்க இரண்டு நாள் சென்றது.

என்னைப் பழைய கோவை அறைக்கு மாற்றினார்கள். நினைவுக்காகப் பச்சைச் சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அடுத்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் ஒரு பின்நேரம், அக்கரையில் ஷெல் மும்முரமாக விழுந்துகொண்டிருக்க, அதை மாட்டிக்கொண்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். புஸ்பம் வேலிப் படலையடியில் வந்து நின்றாள். நெடுநேரம் ஏதோ சொன்னாள். ஸ்பீக்கர் இல்லாத வெறும் மெத்தையில் சொல் பிடிபடவில்லை, தாழ்ந்த, பதமான குரல் மட்டும் வந்தது. போன வருஷ உதவிக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டு, கும்பிட்டுத் தலையாட்டினேன். அவள் கொஞ்சநேரம் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

தேத்தண்ணி முடிந்து எழும்பும்போதுதான் பார்த்தேன். வேலியில் அவளுடைய துடுப்புச் சாத்தியிருந்தது. நான் கட்டிய துண்டு இன்னும் அதில் தொங்கியது. தோணி உள்ளவள் துடுப்பை அடுத்தவன் வேலியில் விட்டுப் போகமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குச் செவிமெத்தையைக் கழற்ற வேண்டும், அக்கரையில் சத்தம் இன்னும் நிற்கவில்லை.