சாம்பிளில் இருந்த மஞ்சள் வட்டம்

"அறுநூறு ரோலும் வந்து சேர்ந்தன. ஆனால் நீங்கள் முதலில் அனுப்பிய சாம்பிள் ரோலில் ஒரு மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்புப் பொட்டும் இருந்தன. இவற்றில் ஒன்றிலும் இல்லை. மட்டமான சரக்கை அனுப்பிவிட்டீர்களா?"

ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஃபேக்ஸைப் பிச்சுமணி இரண்டு முறை படித்தார். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை செய்கிற நேமத்திலுள்ள அந்தக் கம்பெனியில் ஏற்றுமதிக் கடிதமெல்லாம் அவர் கையால்தான் போகும். முதல் வெளிநாட்டு ஆர்டராயிற்றே என்று, சாம்பிள் ரோலைப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் காட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு எடுத்து வந்தவரும் அவர்தான்.

வலியசாலை அக்ரஹாரத்துக்காரர் வேறென்ன செய்வார்? முதலாளி அருமைநாயகமோ பாறசாலைக் கிறிஸ்தவ சபையில் கமிட்டி மெம்பர். கம்பெனிச் சரக்கில் பூஜை கீஜை என்று யாராவது கைவைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று சொல்லியிருந்தார். பிச்சுமணி ஓய்வுபெற இன்னும் நான்கு வருஷம் இருந்தது. மகள் ராஜஸ்ரீக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"என்னவாக்கும் வேய் இந்த வட்டம்?" என்று கேட்டார் முதலாளி.

"அது… குவாலிட்டி மார்க் சார்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று பிச்சுமணியே எதிர்பார்க்கவில்லை.

"அப்பம் நம்ம கம்பெனியில குவாலிட்டி செக்கிங் உண்டுமா?" அருமைநாயகம் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "பின்ன எதுக்கு வேய் மத்ததுல வைக்கல்ல? அடுத்த லோடுல எல்லாத்துலயும் வையும்."

அடுத்த அறுநூறு ரோலிலும் பிச்சுமணி மஞ்சள் பெயின்டில் வட்டம் போட்டுச் சிவப்புப் பொட்டு வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கப்பல் போய்ச் சேர்ந்ததும் பதில் வந்தது.

"வட்டம் சரி. வாசனை எங்கே? பரிசோதனை முறையை மாற்றிவிட்டீர்களா?"

"என்ன வாசனை வேய்?"

"செக்கிங் கெமிக்கல் சார்."

"அதுலயா மிச்சம் பிடிக்கேரு? தாராளமா போடும்."

சாலைக் கடைத்தெருவிலிருந்து சந்தனக்கட்டை வீட்டுக்கு வந்தது. மனைவி விஜயம் கை ஓய அரைத்தாள்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இத்தனை அரைக்கலை. யாருக்காக்கும் இது?"

"ஜெர்மன்காரனுக்கு."

விஜயம் அடுத்த கட்டையை எடுத்தாள். எதைக் கேட்காமல் விடுவது என்று முப்பது வருஷத்தில் படித்துவைத்திருந்தாள்.

சந்தனமிட்ட ரோல் ஒன்று கூரியரில் பறந்தது. ஒரு வாரத்தில் ஃபேக்ஸ் வந்தது.

"அருமையான மணம். ஆனால் இது அது இல்லை. சாம்பிளைப் பிரித்தபோது எங்கள் ஊழியருக்குக் கண்ணில் நீர் வந்தது. திங்கட்கிழமை எங்கள் அதிகாரி நேரில் வருகிறார். அந்தப் பரிசோதனையை அவர் கண்முன் செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் ரத்து."

பிச்சுமணி ஐந்து கடைச் சந்தனத்தை முகர்ந்து பார்த்தார். எதற்கும் கண்ணீர் வரவில்லை. வேலை போவதை நினைத்தபோதுதான் வந்தது. இனி மறைக்க முடியாது, முதலாளி காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். தைரியத்துக்கு முதலில் பேக்கிங் செக்‌ஷன் ரோஸிடம் சொல்லிப் பார்த்தார். அன்று சாம்பிளைப் பாலிதீன் உறையில் போட்டு ஒட்டியவள் அவள்தான்.

"அது குவாலிட்டி மார்க்கும் இல்லே, ஒண்ணும் இல்லே ரோஸ். பழவங்காடிக் கோவில் சந்தனம். இப்பவும் அதே சந்தனம், அதே குங்குமம்தான் வெச்சேன். அந்த வாசனை மட்டும் வரமாட்டேங்கறது."

ஒட்டிக்கொண்டிருந்த டேப்பை ரோஸ் கீழே வைத்தாள்.

"அய்யோ சாமி, முதலாளி கண்டா ஒங்க வேல போவுமேண்ணு அந்தச் சந்தனத்த நான் அண்ணைக்கே தொடச்சுக் களஞ்சேனே! பொறவு அந்த ரோலுமேல பாத்திரத்த வச்சுச் சோறு திண்ணேன், மஞ்ச வட்டமா பதிஞ்சதயும் நடுவுல சிந்தின சொட்டயும் தொடைக்க நேரமில்ல… அது விழிஞ்ஞத்து மத்தி மீன்கறியாக்கும்."