திட்டு வாங்கப் புறப்பட்டவர்

இன்று மனைவியிடம் திட்டு வாங்காமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை எவனும் எடுக்காத சபதம்தான். அவருக்கு வேறு வழியில்லை.

வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில், "இந்த எழுத்து தெரியுதுங்களா?" என்று பதமாகக் கேட்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் 'இடிபாடு' இசைக்குழுவின் பாடகர். கிட்டார் ரோடு ரோலர் மாதிரி மெதுவாக உருண்டு வரும். சிந்தசைசர் ஏதோ கிரகமே வெடிக்கப்போகிற சினிமா போல ஏழு நிமிஷம் பில்டப் கொடுக்கும். அந்த உச்சியில் பாடகர் அடிவயிற்றிலிருந்து கர்ஜிக்க வேண்டும். நம்மவர் கர்ஜித்தால், பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பதுபோல்தான் கேட்கும்.

"உங்ககிட்ட கோபமே இல்லையே சார்," என்றார் டிரம்ஸ் அடிக்கும் பிளம்பர், போன ஞாயிறு. "சனிக்கிழமை கச்சேரி. அதுக்குள்ள வரலேன்னா வேற ஆள்தான்."

பன்னிரண்டு வருஷ ஆசை! கண்ணாடிக்காரருக்கு அழுகைதான் வந்தது. வீட்டில் நாலு திட்டு வாங்கினால் ரத்தம் கொதிக்கும் என்று கணக்குப் போட்டார். வாரம் முழுக்க ஒன்றும் தேறவில்லை. இன்று சனிக்கிழமை.

ஈரத் துண்டைக் கட்டிலில் எறிந்தார்.

"பரவாயில்லைங்க," என்றாள் மனைவி மெல்லிய குரலில்.

செருப்புக் காலோடு சமையலறைக்குள் போனார்.

"கால் ஜில்லுனு இருக்கா?"

"உன் அண்ணனுக்கு மூளையே கிடையாது!"

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க பேசிக்கிறோம்."

ஒரு ஸ்பூன் இடம் மாறினாலே தெருவைக் கூட்டுகிறவள் இவள். கண்ணாடிக்காரர் அவள் பின்னாலேயே ஓடினார்.

"கையெடுத்துக் கும்பிடறேன். ஒரே ஒரு தடவை திட்டேன்!"

"இப்ப முடியாதுங்க. தொண்டை கெட்டுடும்."

வாசலில் ஹாரன் அடித்தது. பிளம்பரின் வேன். கறுப்புச் சட்டையும் வெந்நீர் பாட்டிலுமாக மனைவி கிளம்பினாள்.

"நீ எங்க?"

"கச்சேரிக்கு. போன ஞாயிறு நீங்க வீட்டைத் திறந்து போட்டுட்டுப் பிராக்டீஸுக்குப் போனீங்க. நான் போன்ல திட்டினேன் இல்ல? ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்களாம். அன்னிக்கே என்னைப் பாடக் கூப்பிட்டுட்டாங்க."

"அக்கா ஒரே மூச்சுல நாற்பது செகண்ட் சார்!" என்று வேனுக்குள்ளிருந்து பிளம்பர் உருகினார். "சிந்தசைசர்காரர் கண் கலங்கிட்டாரு."

"அப்ப எனக்குக் கொடுத்த கெடு?"

"அது நிஜம்தாங்க," என்றாள் மனைவி. "உங்களுக்குக் கோபம் வந்தா மேடை உங்களுக்கு, வராட்டி எனக்குன்னு பேச்சு. நான் எதுக்கு உங்களைக் கோபப்படுத்தணும்?"

அப்போதுதான் வந்தது. நிஜமான கோபம். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சை முட்டி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஏறியது. கண்ணாடிக்காரர் கால்களை அகட்டி நின்றார். வாயை அகலத் திறந்தார். பிளம்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"சாவி எடுத்துக்கிட்டியாம்மா?"