ஃபைல் போகும், கால் போகாது

ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பாவம், விட்டுவிடுவோம். நான் சொல்லப்போவது ஆபரேஷன் முடிந்து வீட்டுப்படி ஏறியதுமே ஆஸ்பத்திரி இருக்கும் திசையையே மறந்துவிடுகிற இனத்தைப் பற்றி. எங்கள் செஞ்சியில் இந்த இனத்துக்குத் தலைவர் விதைக்கடை இளையபெருமாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இவருடைய வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, பிறகு கட்டைவிரல் கறுத்தது. புதுச்சேரியில் டாக்டர் ஷோபனா அதே காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு வேறு பாதை போட்டுக் காலைக் காப்பாற்றினார். அனுப்பும்போது சொன்னார்: "போட்ட பாதை சத்தமில்லாம சுருங்கும். ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும். மொதல்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. ஆயுசு பூரா வரணும்."

இளையபெருமாள் பணிவாகத் தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை.

இந்த இனத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு? சொந்தப் பரிசோதனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகிரிக் கோட்டை மலையில் பாதி ஏறுவார். ஏற முடிந்தால் குழாய் சுத்தம். வழியில் மூன்று இடத்தில் நின்று, வெளியூர்க்காரர்களைப் பிடித்துக் கீழே தெரியும் கல்யாண மகாலைக் காட்டி விளக்கம் சொல்வார். போன வருஷம் ஓரிடத்தில்தான் நின்றார். சரித்திர ஆர்வம் கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

செக்கப் தேதி வந்தால்? போகும். அதாவது, ஃபைல் போகும். சிமெண்ட் வாங்கப் போகிறவர், மகளைக் காலேஜில் விடப் போகிறவர், வளைகாப்புக்குப் போகிறவர், புதுச்சேரி பஸ்ஸில் யார் ஏறினாலும் அவர் கையில் ஒரு மஞ்சள் பை திணிக்கப்படும். "அப்டியே டாக்டர்கிட்ட காட்டி, அதே மாத்திரைய எழுதி வாங்கியாந்துடு." நம் ஊரில் ஜாதகம் இப்படித்தானே போய்வருகிறது? அந்த நம்பிக்கைதான்.

மார்கழியில் பையைச் சுமந்தவர் அவருடைய மைத்துனர் துரைக்கண்ணு. மரியாதை தெரிந்தவர். நர்ஸ் "இளையபெருமாள்" என்று கூப்பிட்டதும் எழுந்தார். படுக்கச் சொன்னார்கள், படுத்தார். வேட்டியை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினார். டாக்டர் ஷோபனா வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார்.

"தழும்பு எங்கங்க?"

"அது செஞ்சியில இருக்குதுங்க மேடம்."

டாக்டர் ஃபைலை மூடினார். "இதுல ரத்தம் ஓடுதான்னு என்னால பாக்க முடியாதுங்க. கால வரச் சொல்லுங்க."

துரைக்கண்ணு நடந்ததை ஒன்றுவிடாமல் வந்து சொன்னார். இளையபெருமாள் கேட்டது ஒரே கேள்வி: "அதெல்லாம் இருக்கட்டும் மச்சான், மாத்திர எழுதினாங்களா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ராஜாம்பாள் குனிந்து அவருடைய இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் காலு சில்லுனு இருக்குது. இன்னாங்க இது?"

"மார்கழிப் பனி."

"பனி ஒரு காலுக்கு மட்டும் பெய்யுதா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் ஃபைலும் காலும் சேர்ந்தே போயின. ஸ்கேனில் புதுப்பாதை ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது. அன்றைக்கே குழாய்க்குள் பலூன் விட்டு விரித்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது ராஜாம்பாள் அழுதுவிட்டார்.

இளையபெருமாள் திருந்தினாரா? டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்: "அடுத்த தடவ கால ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டா போதுங்களா மேடம்?"

சிரிக்கிறீர்கள். இதைப் படிக்கும்போதே சர்க்கரை உள்ள பெரியப்பா, ஸ்டென்ட் வைத்த மாமனார் என்று யார் யாருக்கு அனுப்பலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியலும் போட்டிருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். உங்களை டாக்டர் வரச் சொன்ன தேதி போன மாசமே தாண்டிவிட்டதே, அங்கே யாரை அனுப்பப்போகிறீர்கள்?