ரிட்டயர் ஆன பிறகு பட்டாளத்துல சேர்ந்த அப்பா

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். பட்டாளத்துல இருந்து விலகினப்ப அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை முன்னாள் படைவீரர் ஆபீஸ்ல கொண்டுபோய், தப்பா இருக்குற தேதியைத் திருத்தக் கொடுக்கணும். ஒரு நாள் லீவு போட்டேன். பதினோரு மணிக்குள்ள முடிச்சிட்டு, மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டுப் படுக்கலாம்னு திட்டம்.

அப்பா ஹவில்தார் ஞானமுத்து. பதினேழு வருஷம் பட்டாளத்துல சிக்னல்ஸ்ல, அதாவது வயர்லெஸ் பிரிவுல இருந்தவர். இன்னைக்கும் பேசி முடிச்சா "ஓவர்"னு சொல்லுவார்.

நான் பாளையங்கோட்டையில கணக்கு வாத்தியார். பிள்ளைங்க செய்யுற தப்பைச் சிவப்பு மையில சுழிக்கிறதுதான் என் பிழைப்பு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால என்னைத் திட்டும்போது உதவும்.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டார். முன்னாள் படைவீரர் குடும்பத்துக்குக் கொடுக்குற மருத்துவ அட்டை இருந்தா ஆபரேஷனை முடிச்சிரலாம். நமக்கென்ன நோயா நொடியான்னு அப்பா இத்தனை வருஷம் அந்த அட்டையை எடுக்கவே இல்ல.

போன மாசம் அம்மா காப்பியில உப்பு போட்டா. குடிச்சிட்டோம். வாசல்ல நின்ன பால்காரரை நான்னு நினைச்சு, "ஏலே, தலைய எண்ணெ வச்சுச் சீவுனா என்ன?"ன்னு அதட்டினா. பாவம், அந்த மனுஷன் மறுநாள் சீவிட்டு வந்தார்!

நாங்க சிரிச்சோம்தான். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச்ல அம்மா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, மனப்பாடமாப் பாடிக்கிட்டு நின்னதைப் பார்த்தேன். அன்னைக்கே உக்காந்து கம்ப்யூட்டர்ல அட்டைக்கு விண்ணப்பம் போட்டேன்.

கம்ப்யூட்டர் ஒத்துக்கல!

புக்கை எடுத்துப் பார்த்தா, சேர்ந்த தேதி இருக்க வேண்டிய இடத்துல விலகின தேதி. விலகின தேதி இருக்க வேண்டிய இடத்துல சேர்ந்த தேதி. எழுதின மகராசன் ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கான். அந்தக் கணக்குப்படி அப்பா முதல்ல ரிட்டயர் ஆகி, பதினேழு வருஷம் ஓய்வெடுத்துட்டு, அப்புறமாப் பட்டாளத்துல சேர்ந்திருக்கார். மொத்த சர்வீஸ் மைனஸ் பதினேழு வருஷம்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். பேச்சியம்மாள்னு ஒரு மேடம் பொறுமையாக் கேட்டாங்க. "புக்க எடுத்துட்டு வாங்க சார். தப்பான வரியச் சுழிச்சு, ஓரத்துல குறிப்பெழுதி, சீல் வச்சு ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புதேன். அவங்க அந்தப் பக்கத்துலயே திருத்தி அனுப்பிருவாங்க."

இவ்வளவுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை காலையில அப்பா புக்கை ரெண்டு கையாலயும் நீட்டினார்.

"லே செல்வின், இது காயிதம் இல்ல, என் உசிரு. மடக்காத, நனைக்காத, பஸ்ஸுல கக்கத்துல இடுக்காத. நீ எட்டாங்கிளாஸ்ல சைக்கிளத் தொலச்சவன். பத்து மணிக்கு ரிப்போர்ட் பண்ணு. ஓவர்."

"நேர்லதான நிக்குதேன், எதுக்குப்பா ஓவரு?"

"பேச்சக் கொறை. ஓவர்."

எனக்கு இப்ப வயசு நாப்பத்தாறு. அந்த சைக்கிள் இன்னும் கிடைக்கல.

போற வழியில ரெண்டு ஜெராக்ஸ் எடுக்க மைதீன் பாய் கடையில நின்னேன். வினை அங்கதான் ஆரம்பிச்சுது. பாய் புக்கைத் திறந்ததும் முதல் பக்கம் கையோட வந்திருச்சு. அந்தப் பக்கத்துலதான் மீசையும் முறைப்புமா அப்பாவோட போட்டோ. மத்த தாள் எல்லாம் மடிப்பு மடிப்பா விட்டுப்போய் இருந்தது.

"என்ன வாத்தியாரே, இம்புட்டு நைஞ்சு போயிருக்கு? ஜெராக்ஸுல வச்சு அமுக்குனா தூளாயிரும் வே. ஒண்ணு செய்வமா? பக்கம் பக்கமா லேமினேஷன் போட்டிருவோம். இன்ஷா அல்லா, நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது. தண்ணியில போட்டாலும் மெதக்கும்."

நம்ம ஊர்ல லேமினேஷன் பண்ணாத பொருள் ஏதாவது இருக்கா? ரேஷன் கார்டு, மார்க் ஷீட், காது குத்து போட்டோ, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ளதான். எங்க வீட்டுல என் பத்தாங்கிளாஸ் ஹால் டிக்கெட்டே லேமினேஷன்ல இருக்கு. பரீட்சை முடிஞ்ச பிறகு பண்ணது.

அப்பா அசந்து போயிருவார்னு நினைச்சேன். ஒரு தடவையாவது அந்த சைக்கிளை மறப்பார்னு ஒரு நப்பாசை.

"போடுங்க பாய்!"

பளபளன்னு வந்துச்சு. பாய் ஓரத்துல ஸ்பைரல் போட்டு, புது புக்கு மாதிரி கையில கொடுத்தார். நானே ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்துக்கிட்டேன்.

பத்து மணிக்கு அப்பா போன். "பொசிஷன் என்ன? ஓவர்."

"ஆபீஸுக்குள்ள நுழையுதேன்பா."

"புக்கு?"

"முன்னைக்கு இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

"அப்படின்னா?"

"ஓவர்"னு சொல்லி நான் முதல்ல வச்சிட்டேன்.

பேச்சியம்மாள் மேடம் புக்கை வாங்கினாங்க. திருப்பினாங்க. என்னைப் பார்த்தாங்க. மறுபடி புக்கைப் பார்த்தாங்க. அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தேதியைச் சுழிச்சாங்க.

பேனா வழுக்கிக்கிட்டு மேசைக்குப் போயிருச்சு.

ஜெல் பேனா எடுத்தாங்க. எழுதிச்சு. விரல் பட்டதும் அழிஞ்சிருச்சு. சீலை ஒத்தி எடுத்துக் குத்துனாங்க. மை முத்து முத்தா நின்னு, பையப் பைய ஓரத்துக்கு வடிஞ்சு, என் சட்டைக் கையில ஏறிக்கிச்சு. வட்ட சீல்ல பாதி இன்னும் அந்தச் சட்டையில இருக்கு.

"சார், இது எப்ப பண்ணது?"

"இப்பதான் மேடம். முக்கா மணி நேரம் இருக்கும்."

"திருத்தணும்னு கொண்டு வந்தத, யாருமே திருத்த முடியாதபடிக்குப் பண்ணிட்டு வந்திருக்கீய!"

உள்ள இருக்குற தப்பை நூறு வருஷத்துக்குக் கெடாம பத்திரப்படுத்தி, ஸ்பைரலும் போட்டுக் கொடுத்திருக்கேன். முப்பது பேர் இருக்குற வகுப்புல ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா, அவன் அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன்.

"இதுக்கு வேற வழி இல்லையா மேடம்?"

"தொலஞ்சு போச்சுன்னாக்கூட டூப்ளிகேட்டு கேட்டு எழுதலாம் சார். லேமினேஷன் பண்ணிட்டோம்னு எழுத ஃபாரமே கெடையாது."

ஓட்டமும் நடையுமா பாய் கடைக்கே திரும்பினேன். "பாய், இத எப்படியாவது உரிச்சுத் தாங்க!"

"உரிக்கவா? போடுத வித்ததான் எனக்குத் தெரியும் வே!"

இருந்தாலும் நல்ல மனுஷன். மறுபடி சூடு காட்டினா பிளாஸ்டிக் இளகும்னு முதல் பக்கத்தைக் கழத்தி மெஷினுக்குள்ள விட்டார். அது உள்ள போச்சு. வெளிய வந்தப்ப அப்பா போட்டோவுல மீசைக்குக் கீழ, மேலுதட்டுல கொழுக்கட்டை அளவுக்கு ஒரு கொப்புளம்!

"இன்னொரு வாட்டி விட்டுப் பாப்பமா?"ன்னு பாய் கேட்டார்.

"வேண்டாம் பாய்! இன்னும் கண்ணும் மூக்கும் பாக்கி இருக்கு. அதாவது இருக்கட்டும்."

அதுக்குள்ள அப்பா நாலு தடவை கூப்பிட்டுட்டார். நான் எடுக்கல. சிக்னல்ஸ் ஆளுக்கு சிக்னல் கிடைக்கலன்னா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

வீட்டுக்குப் போகப் பயந்து அங்க இங்க சுத்திட்டு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் போனேன். மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது. அப்பா நாற்காலியில நிமிர்ந்து உக்காந்திருந்தார். புக்கை மேசையில வச்சு, நடந்தது அத்தனையும் சொன்னேன். சைக்கிளைத் தொலைச்ச அன்னைக்கு நின்ன அதே இடத்துல, அதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அவர் புக்கை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். தன்னோட மேலுதட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டார். திட்டு வரும்னு கண்ணை மூடினேன்.

"அந்தம்மா கடைசியா என்ன சொன்னாவ?"

"தொலஞ்சிருந்தா டூப்ளிகேட்டு கேட்டு எழுதலாமாம். தொலையாத புக்குக்கு..."

அப்பா முகம் வெளுத்துப் போச்சு. "டூப்ளிகேட்டப் பத்தி எல்லாம் எதுக்குக் கேக்காவ?"

அப்ப அடுப்படியில இருந்து அம்மா சத்தம் வந்துச்சு. "எய்யா செல்வின், கட்டிலுக்கு அடியில ஒரு பச்சப் பொட்டி கெடக்கு பாரு. அதுல இருக்க நெசமான புக்க எடுத்துக் குடுக்கச் சொல்லு ஒங்கப்பாவ."

"எஸ்தரு! ஒனக்கு எப்படித் தெரியும்?"ன்னு அப்பா பதறினார்.

"எனக்குக் கண்ணுதான் இப்ப மங்கிட்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால நல்லாத்தான தெரிஞ்சுது!"

விஷயம் அப்பத்தான் வெளிய வந்துச்சு. ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த புதுசுல அப்பா ஒரிஜினல் புக்கைத் தொலைச்சிருக்கார்! போலீஸ்ல எழுதிக் கொடுத்து, டூப்ளிகேட் வாங்கியிருக்கார். அது வந்த ரெண்டாம் நாள், ஒரிஜினல் அவரோட பெட்டியிலேயே கம்பளிக் கோட்டுக்கு அடியில கிடைச்சிருக்கு.

"கெடச்சா குடுத்துரணும்னு சட்டம் லே. தொலஞ்சதுன்னு பொய் சொல்லிட்டேன்னு கோர்ட் மார்ஷல் பண்ணி ஜெயில்ல போட்டுட்டா? அதான் பூட்டி வச்சேன்."

ரிட்டயர் ஆனவரை யாருப்பா கோர்ட் மார்ஷல் பண்ணுவா? மனுஷன் அந்தப் பயத்துலயே முப்பது வருஷம் ஓட்டியிருக்கார். நான் லேமினேஷன் பண்ணது டூப்ளிகேட்டை. தேதி தப்பா இருந்ததும் டூப்ளிகேட்லதான்.

பெட்டியைத் திறந்தோம். ஒரிஜினல்ல ரெண்டு தேதியும் அது அது இடத்துல சரியா இருந்துச்சு. அதுல திருத்த ஒண்ணுமே இல்ல.

"அப்பா, நான் சைக்கிளத் தொலச்சவன், சரி. நீங்க?"

"பேச்சக் கொறை"ன்னார். ஓவர் சொல்லல.

மறுநாள் ரெண்டு பேருமே போனோம். அப்பா தேய்ச்ச சட்டை போட்டு, பேச்சியம்மாள் மேடத்துக்கு விறைப்பா ஒரு சல்யூட் வச்சார். "குற்றம் செஞ்சிட்டேன் மேடம். எந்தத் தண்டனைன்னாலும் ஏத்துக்கிடுதேன்."

அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. "இத லேமினேஷன் பண்ணாம கொண்டு வந்தீயளே பெரியவரே, அதுவே பெரிய உபகாரம். கெடச்சிட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க." அன்னைக்கே விண்ணப்பம் ஏறிருச்சு.

டூப்ளிகேட் மேல 'ரத்து'ன்னு எழுதப் போனாங்க. அதுவும் நிக்கல! கடைசியில பஞ்சிங் மெஷினால ரெண்டு ஓட்டை போட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

அட்டை வீட்டுக்கு வந்த அன்னைக்கு அப்பா கண்ணு பச்சைப் பெட்டி பக்கம் போச்சு. எனக்கு, பிளாஸ்டிக் கவராவது போடலாமேன்னு தோணுச்சு. அம்மா ரெண்டு பேரையும் நம்பல. தடவித் தடவி அட்டையை வாங்கித் தன் பைபிளுக்குள்ள வச்சு, பைபிளைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டா.

முதல் கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் காலையில கட்டு பிரிச்சப்ப நானும் அப்பாவும் கட்டிலுக்கு முன்னால அட்டென்ஷன்ல நின்னோம். டாக்டர் அம்மாவை மெதுவாக் கண்ணைத் திறக்கச் சொன்னார்.

அம்மா ரெண்டு தடவை இமைச்சா. அப்பாவைப் பார்த்தா. அப்புறம் என்னை மேலயும் கீழயும் பார்த்தா.

"ஏலே, தலைய எண்ணெ வச்சுச் சீவுனா என்ன?"

இந்தத் தடவை ஆள் சரி.