ஜேரேயின் மூன்று பெண்டாட்டிகளும் என் நாற்காலியும்

கிட்வே,
செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்தது.

மதிப்பிற்குரிய கபாசா மச்சானுக்கு, உங்கள் தங்கை ரோய்டாவின் கணவன் சிஷிம்பா வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். சில எழுத்துகள் பருத்தும் சில இளைத்தும் இருக்கும். சில வரிகள் மேட்டில் ஏறும் லாரி மாதிரி போகும். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் துளைக் கருவி பிடித்த கை. பேனாவையும் அதே மாதிரி அழுத்துகிறது. இரண்டு தாள் கிழிந்து இது மூன்றாவது. ஆனாலும் மச்சான், இதை நானே எழுதுகிறேன்! யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. "கபாசா" என்று உங்கள் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அங்கே கசாமாவில் எல்லோரும் நலமா? உங்கள் முழங்கால் எப்படி? மக்காச்சோளம் தலை தூக்கிவிட்டதா? இங்கே நலம். நலம் என்று எழுத, நான் இப்போது போகிற எழுத்து வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதினேன். நலம் இல்லை.

காரணம் பக்கத்து வீட்டு ஜேரே. சிபாட்டா ஊரிலிருந்து வந்த ங்கோனி இனத்துக்காரன், சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வரிசையில் டிஷ் பெட்டி வைத்த முதல் ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பந்தாட்டம் என்றால் என் வீட்டில்தான் கூட்டம். சாய்வு நாற்காலியில் நான், தரையில் அவர்கள். எவன் கோல் போட்டான், ஏன் போட்டான் என்று நான் சொல்லுவேன், அவர்கள் கேட்பார்கள். அது என் நாற்காலி. வேறு எவனும் அதில் உட்கார மாட்டான். இந்த ஜேரே என்ன செய்தான்? எங்கோ ஓர் அலுவலகம் தள்ளிவிட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். என் பெட்டி மாதிரியே, அதே கம்பெனி, அதே நிறம், மூன்று பழைய டிஷ் பெட்டிகளை வாங்கி வந்தான். கம்ப்யூட்டரிலிருந்து மூன்று மெல்லிய வயர், ஒவ்வொன்றின் நுனியிலும் அரிசி அளவு பல்பு. ஒவ்வொரு பல்பையும் ஒவ்வொரு பெட்டியின் முகத்தில் ஒட்டினான். அந்தப் பல்பு நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விட்டு, ரிமோட் செய்கிற வேலையைத் தானே செய்கிறதாம். ஆள் வேண்டாம். ஒன்றில் பந்தாட்டம், ஒன்றில் நாடகம், ஒன்றில் ஜெபக்கூட்டம், மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துவிடும். எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். "கம்ப்யூட்டர்தான் புருஷன். இதுங்க மூணும் பெண்டாட்டிங்க. ஒவ்வொருத்தி காதுலயும் தனித்தனியா ரகசியம் சொல்லி வேலை வாங்குறான் பாரு," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூத்தவள், நடுவுள்ளவள், இளையவள் என்று பெயர் வேறு.

என் வீட்டுத் தரை காலி. அதுகூடப் போகட்டும். உங்கள் தங்கை! நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், சாயங்காலம் ஆறு மணிக்கு சோள மாவு நிஷிமா உருண்டையையும் கப்பெண்டாப் பொடி மீனையும் என் முன்னால் வைத்துவிட்டு நாடகம் பார்க்கக் கிளம்பிவிடுகிறாள். கையில் ஸ்டூல். நான் கால் நீட்டி வைக்கிற ஸ்டூல், மச்சான்!

ஒரு நாள் பொறுக்காமல் நானும் போனேன். ஜேரே வாசலிலேயே, "வாய்யா குரங்கு தின்னி! பெம்பா நாட்டுல குரங்கெல்லாம் தீர்ந்துபோச்சா, இந்தப் பக்கம் வந்திருக்க?" என்றான். "எலி தின்னுற ங்கோனி வீட்டுல வாசம் எப்படின்னு பார்க்க வந்தேன்," என்றேன். பெம்பா இனமும் ங்கோனி இனமும் பார்த்தால் இப்படித் திட்டிக்கொள்வது எப்போதும் உள்ளதுதான். ஆனால் அடுத்தது இப்போதும் குத்துகிறது. "பெரியவரே, எது வேணுமோ சொல்லு. ஸ்க்ரீன்ல வரிசையா எழுதியிருக்கு பாரு," என்றான். நான் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி இருந்தது. "கண்ணாடி எடுத்துவர மறந்துட்டேன்," என்றேன். "அட, உன் மூக்கு மேல உட்கார்ந்திருக்கிறது என்ன, வெட்டுக்கிளியா?" என்றான். பதினான்கு பேர் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

மறுநாளே கோவில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பைபிள் படிக்கத்தான் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஞாபகமறதியாக என் ரிமோட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே ஜேரே வீட்டுக்குப் போய்விட்டேன். உட்காரும்போது அது அழுந்திவிட்டது போலிருக்கிறது. மூத்தவள், நடுவுள்ளவள், இளையவள் மூவரும் ஒரே தாவலாகச் சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்! பந்தாட்டம் போய் வெங்காயம். ஜேரே கம்ப்யூட்டரைத் தட்டினான், வயரை ஆட்டினான், வேர்த்துப்போனான். எனக்கு மெல்லப் புரிந்தது. ஒரே கம்பெனிப் பெட்டி. என் ரிமோட் பேசினால் மூன்றும் கேட்கும். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், ஓய்வு பெற்ற நாள் முதல் அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு வாரம் தினமும் போனேன். கையைப் பைக்குள் விட்டு மெதுவாக ஓர் அழுத்து. அரையிறுதி ஆட்டம் பதிவாக வேண்டிய இடத்தில் மூன்று மணி நேரப் பிரசங்கம். ஜெபக்கூட்டக்காரர்களுக்கு மல்யுத்தம். சனிக்கிழமை பதினோரு பேர் என் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். எண்ணினேன், பதினோரு பேர்! நாற்காலியில் சாய்ந்து, எவன் ஏன் கோல் போட்டான் என்று எடுத்துச் சொன்னேன். ஆனால் ரோய்டா வரவில்லை. ஜேரே வயர் பார்க்க அவள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாளாம். என் டார்ச்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாடகத்தில் கல்யாணம். நாலு மாதமாகக் காத்திருந்த கல்யாணம். அன்று எல்லோரும் கோவிலில், அதனால் கம்ப்யூட்டர்தான் பிடித்து வைக்க வேண்டும். கோவிலுக்குப் போகிற வழியில் ஜேரே வீட்டு ஜன்னலோரம் என் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பதில் ஆடு வளர்ப்பு பதிவாகியிருந்தது. ரோய்டா வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "நம்ம கல்யாணத்தன்னிக்கு நீ சுரங்கத்துல ஷிஃப்ட்ல இருந்த. உன் சட்டையை நாற்காலி மேல போட்டு, அது பக்கத்துல என்னை உட்கார வச்சாங்க. ஒரு முழுக் கல்யாணம் பார்க்கலாம்னு இருந்தேன்," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு நிஷிமா இறங்கவில்லை.

ஆனாலும் புதன்கிழமை போனேன். பழக்கம் விடவில்லை. கட்டைவிரல் வலிக்க வலிக்க அழுத்துகிறேன், ஒருத்தியும் அசையவில்லை. பார்த்தால் மூன்று பேர் முகத்திலும் கறுப்பு டேப்! பல்பையும் பெட்டியின் கண்ணையும் சேர்த்து மூடி ஒட்டிவிட்டிருந்தான் படுபாவி. புருஷன் சொல்வது மட்டும்தான் இனி காதில் விழும். "என்ன பெரியவரே, பாக்கெட்டுக்குள்ள அப்பப்ப என்னத்த சொறியிற?" என்று கேட்டு, கையை விட்டு ரிமோட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினான். ரோய்டா ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

என்ன செய்வேன்? "நான் பெம்பா, நீ ங்கோனி. இது கேலி முறை! கோபப்பட உனக்கு உரிமை இல்ல!" என்று கத்தினேன். முறை உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பா அடக்கத்தில் ஒரு ங்கோனிக்காரன் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, கோழி கொடுத்தால்தான் எழுவேன் என்றபோது நாம் சிரிக்கவில்லையா? ஜேரேயும் சிரித்தான். சிரித்துத்தான் ஆக வேண்டும். சிரித்து முடித்து, "சரி, கேலிக்குக் கேலி. இப்ப என் முறை," என்று நேரே என் வீட்டுக்குப் போய் என் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். கோபப்பட எனக்கும் உரிமை இல்லை!

இப்போது எனக்கு நாற்காலி இல்லை, ஸ்டூல் இல்லை, பேசுகிற மனைவி இல்லை. இந்தக் கடிதத்தை மாவு மூட்டையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆகவே மச்சான், அண்ணன் என்ற முறையில் உடனே பஸ் ஏறி வந்து உங்கள் தங்கைக்குப் புத்தி சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் குடும்பங்களைப் பிரிக்கும் பிசாசு என்று நீங்கள் வாயால் சொன்னால்தான் கேட்பாள். உங்கள் முழங்கால் வலி நீங்கவும், சோளம் உங்கள் தலைக்கு மேல் வளரவும் கடவுள் அருளட்டும். உங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
சிஷிம்பா (கையெழுத்து என்னுடையதே)

பின்குறிப்பு, ஞாயிறு காலை: வர வேண்டாம். மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். தாள் கிழிந்துவிடும் என்பதால்தான் கோடு போட்டு அடிக்கவில்லை. நேற்று நாற்காலியைத் திரும்பக் கேட்கப் போனேன். அது கம்ப்யூட்டருக்கு எதிரே போட்டிருந்தது. கரண்ட் போய் வந்தால் பெட்டிகள் எந்தச் சேனலில் நிற்கின்றன என்று தெரிவதில்லையாம். ஒருவர் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். "இவரு இப்ப படிப்பாரு," என்று சொன்னது ரோய்டா. நான் படித்தேன், மெதுவாக, விரல் வைத்து, எல்லோர் முன்னாலும். "ஞாயிறு, மாலை நாலு, கல்யாணம், மறுபடியும்." ஒருவரும் சிரிக்கவில்லை. ரோய்டா ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது வரிசை முழுக்க எதைப் பிடித்து வைக்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறது. அருமையான இயந்திரம், மச்சான்!

ஆனால் யாரும் தன்னைக் கேட்பதில்லை என்று ஜேரேவுக்கு முகம் சுண்டிவிட்டது. என் ரிமோட் இன்னும் அவனிடம்தான். காலையிலிருந்து ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நடக்கிறான். இப்போதுதான் பார்த்தேன், கல்யாணத்தைப் பிடிக்க வேண்டிய மூத்தவள் முகத்தில் டேப் இல்லை. வீட்டில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை, கடையும் இன்று இல்லை. ஆகவே நாலு மணிக்கு நான் கல்யாணம் பார்க்கப் போவதில்லை. ஜன்னலுக்கும் மூத்தவளுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, ரிமோட் வெளிச்சத்தை மறித்து, மூத்தவளுக்கு முதுகைக் காட்டி உட்காரப் போகிறேன். என்ன நடக்கிறது என்று ரோய்டா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வருவாளாம். இந்த முறை சட்டைக்குள் நானும் இருப்பேன் என்று அவளிடம் சொன்னேன்; மேல்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெண் என்ன உடுத்தியிருந்தாள், யார் அழுதார்கள் என்பதையெல்லாம் அவளிடம் கேட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.