தானாவே ஆரம்பிச்சிடுது

டாக்டர் ஜிபெக்கின் மேசை இழுப்பறையிலிருந்து முலாம்பழ வாசனையோடு புகை வந்துகொண்டிருந்தது.

அவர் நுரையீரல் டாக்டர். கராக்கோல் நகர மருத்துவமனையில் 'மின் சிகரெட் பிரச்சினைகளுக்கு ஆலோசனை' என்று ஓர் அறையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தார். மூன்று வாரமாக ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அங்க பழைய எக்ஸ்ரே பெட்டிகளை அடுக்கிடுவேன்" என்று தலைமை மருத்துவர் ஷார்ஷென் சொல்லிவிட்டார்.

இன்று புதன். காலையில்தான் முதல் ஆள் வந்தார். மினிபஸ் ஓட்டும் தோக்தோசுன். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சொல்லவே வெக்கமா இருக்கு டாக்டர்."

"டாக்டர்கிட்ட என்னண்ணே வெக்கம்?"

"தானாவே ஆரம்பிச்சிடுது. நானா நெனைக்கிறதே இல்ல. வண்டி ஓட்டும்போது, சாப்பிடும்போது... நேத்து மாமனார் வீட்டு விருந்துல, எல்லாரும் கையேந்தி துவா கேக்குற நேரத்துல! என்ன பண்ணியும் நிறுத்த முடியல."

ஜிபெக்குக்குக் கண் கலங்கியது. பாடப்புத்தகத்து நோயாளிகள்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"இது உங்க தப்பில்லண்ணே. நெறைய பேருக்கு இப்படித்தான்."

"அப்படியா? நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

"அதை இங்க குடுத்துட்டுப் போங்க. ஒரு ராத்திரி அது இல்லாம இருந்து பாருங்க."

"ஒரே ராத்திரி போதுமா!" தோக்தோசுன் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்குக் காலைல வந்துடட்டுமா?"

"கண்டிப்பா வரணும்."

அவர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இழுப்பறை புகைய ஆரம்பித்தது.

ஜிபெக் திறந்து பார்த்தார். தோக்தோசுன் கொடுத்துவிட்டுப் போன மின் சிகரெட், பேனா அளவுக் குழாய், யாரும் தொடாமலே நீல விளக்கை எரியவிட்டுச் சீறிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினார். விளக்கு பச்சையானது. இரண்டு முறை அழுத்தினார். சிவப்பானது. சீறல் இரண்டு மடங்கானது.

வராந்தாவில் காலடிச் சத்தம். ஜிபெக் அதைச் சட்டென்று வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரு இங்க ஜாம் காய்ச்சுறது?" என்று கேட்டபடி ஷார்ஷென் உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார். அவர் பார்வை மெதுவாகக் கீழிறங்கியது. பையிலிருந்து புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது.

"டாக்டர் ஜிபெக்... நீங்களுமா?"

"இது என்னோடது இல்ல சார்! ஒரு நோயாளி குடுத்தது!"

"ம். என் பையனும் இப்படித்தான் சொல்லுவான்." கதவு வரை போய்த் திரும்பினார். "பெட்டிங்களை நாளைக்கே அனுப்பட்டுமா?"

அவர் போனதும் ஜிபெக் ஈரத் துணியால் குழாயை இறுகச் சுற்றினார். அதுவரை விட்டு விட்டுச் சீறியது இப்போது மூச்சுவிடாமல் சீறத் தொடங்கியது. சுடவும் சுட்டது.

"ரக்கியா அக்கா!" என்று அலறினார்.

துப்புரவு வேலை பார்க்கும் ரக்கியா துடைப்பத்தோடு ஓடிவந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

"அடுப்பு மேல பானை கொதிச்சா என்ன பண்ணுவீங்க டாக்டரம்மா? துணியா சுத்துவீங்க? பானையை எறக்குவீங்க. மேல் பாகத்தைத் திருகி எடுங்க."

திருகினார். புகை நின்றது. ஆனால் அடிப்பாகத்து பேட்டரியில் விளக்கு இன்னும் சிமிட்டியது. அது எந்த நேரம் வெடிக்குமோ என்று இரும்புக் கிண்ணத்தில் போட்டுச் சன்னல் பக்கம் வைத்தார்கள். சூடு ஆறியதும் ஜிபெக் அறுவைசிகிச்சைக் கையுறை மாட்டிக்கொண்டார். பட்டனைச் சுற்றி வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒழுகி உறைந்திருந்தது. பட்டன் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஸ்பிரிட். பஞ்சு. கொறடு."

ரக்கியா நர்ஸ் மாதிரி ஒவ்வொன்றாக நீட்டினார். முக்கால் மணிநேரம். டக்கென்று பட்டன் மேலே எழும்பியது. விளக்கு அணைந்தது.

"பொழைச்சிடுச்சு" என்றார் ரக்கியா.

மறுநாள் காலை தோக்தோசுன் வந்தார். ஜிபெக் குழாயை அவர் முன் வைத்தார்.

"ராத்திரி எப்படி இருந்துச்சுண்ணே?"

"நிம்மதியாத் தூங்கினேன் டாக்டர். எப்ப எரியுமோன்னு பயமே இல்ல."

அவர் குழாயை எடுத்தார். பட்டனை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார்.

"அழுத்தினாத்தான் எரியுது! விட்டா நின்னுடுது!"

"அதேதான்!" ஜிபெக் எழுந்தே விட்டார். "கட்டுப்பாடு இப்ப உங்க கையில. இனிமே அது சொல்றபடி நீங்க இல்ல, நீங்க சொல்றபடிதான் அது."

தோக்தோசுன் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். "ஊர்ல ஒருத்தராலயும் முடியல டாக்டர். சந்தையில இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் சொல்லப்போறேன்!" குழாயைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கூட வைத்துக்கொண்டே தொடாமலிருப்பது உறுதியான மனசுக்கு அடையாளம் என்று ஜிபெக் குறிப்பேட்டில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே பெட்டிகள் வந்தன. உள்ளே கொண்டுபோக வழியில்லை. வராந்தாவில் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். டிரைவர்கள், ரொட்டி விற்பவர்கள், ஒரு இசை ஆசிரியர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மின் சிகரெட்.

ஷார்ஷென் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எண்ணிப் பார்த்தார். பிறகு தன் அறை நாற்காலிகளைத் தானே தூக்கிவந்து போட்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க டாக்டர் ஜிபெக். பக்கத்து அறையும் உங்களுக்குத்தான்."

ஜிபெக் வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இதைக் கையில எடுத்துக்கிட்டு இந்த வாசல் வரைக்கும் வர்றதுக்கே பெரிய மனசு வேணும். உங்க ஒருத்தரையும் நான் கைவிட மாட்டேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஷார்ஷென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது முன்வரிசையில் இருந்த ரொட்டிக்காரம்மா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"எனக்குத் தானா எரியுறதெல்லாம் இல்ல டாக்டர், சார்ஜுதான் ஏற மாட்டேங்குது. அதுவும் ரிப்பேர் பண்ணுவீங்கல்ல?"