ஊசி காட்டிய குற்றவாளி

பிலிமத்தலாவையில் முஹைதீன் ஹாஜியாரின் கல்யாண மண்டபத்தில் அந்த மாதம் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் குடும்பங்களைப் பிரிக்கும் வேலைதான். துருவநாதர் என்ற சாமியார் வந்து இறங்கியிருந்தார்.

கண்டி வீதியில் ஓடும் பஸ்களின் பின்கண்ணாடியில் அவருடைய படம் சிரித்தது. புசல்லாவையிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தார்கள். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒரு லயத்து வீடுகளே மொத்தமாகக் கிளம்பி வந்தன. கண்டி டவுனிலிருந்து படித்தவர்கள் காரில் வந்தார்கள். வந்த வாகனம்தான் வேறு, வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் எந்த வேறுபாடும் இல்லை.

அவரிடம் இருந்தது ஓர் ஊசி. வட்ட மேசை, தரையைத் தொடும் சிவப்பு வெல்வெட் விரிப்பு, அதன்மேல் பித்தளைத் தட்டு, தட்டின் நடுவே ஒரு முள்ளின்மேல் சுழலும் நீண்ட உருக்கு ஊசி. குடும்பத்தார் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வராதவர்களுக்குப் பதிலாகக் கதிரையில் அவர்களின் ஃபோட்டோவை வைக்கலாம். சாமி கண்ணை மேலே செருகிக்கொண்டு "யார்?" என்று கேட்பார். ஊசி சுழன்று ஒருவரைக் காட்டும். காட்டப்பட்டவர்தான் சூனியம் வைத்தவர். மேல்முறையீடு கிடையாது.

முஸ்லிம்கள் வந்தால் ஊசி ஜின்னை ஏவியவரைக் காட்டும். கிறிஸ்தவர்கள் வந்தால் சாத்தானை அழைத்தவரை. இந்துக்கள் வந்தால் செய்வினைக்காரரை. சிங்களவர்கள் வந்தால் ஹூனியம் செய்தவரை. நாட்டில் இவ்வளவு மதபேதம் இல்லாத பொருள் வேறு ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் குறைந்தவர்களின் தோஷம் மட்டும் ஏனோ இலேசில் கழிவதில்லை.

சும்மா இருக்கும் நேரத்தில் அந்த ஊசி வடக்கும் தெற்குமாக நிற்கும். அதற்குத் 'தியானம்' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

ஸுமைரா டீச்சர் இந்த ஊசியிடம் மாட்டிக்கொண்டது அவளுடைய ஃபோட்டோவால். பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவள். மூத்த சகோதரர் அஸ்ஃபர் நானாவின் வீட்டில் மேல்மாடியில் இருந்தாள். நானாவின் மனைவி றிப்தாவுக்குக் கொஞ்ச நாளாகத் தலைசுற்று. கிளினிக்கில் பிரஷர் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். குளிசையை விழுங்குவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டுக் கணவனும் மனைவியும் மண்டபத்துக்குப் போனார்கள். ஊசி நேராக ஸுமைராவின் ஃபோட்டோவைக் காட்டியது.

அன்றிலிருந்து றிப்தா அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. சூனியம் உள்ள உடம்பில் இங்கிலீஷ் மருந்து நஞ்சாகும் என்று சாமி சொன்னதால் குளிசையும் நின்றது. ஸுமைராவுக்குக் கோபம் வருமுன் அழுகைதான் வந்தது. றிப்தா மதினி கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு உம்மாவைப் போல இருந்தவள்.

பிறகு ஒரு காலையில் றிப்தா படியிலிருந்து மயங்கி விழுந்தாள். நல்ல காலம், முழங்கை வீக்கத்தோடு தப்பினாள். அதுவும் ஸுமைராவின் கணக்கில்தான் ஏறியது.

"நீ வந்து அந்த ஊசிக்கு முன்னால ஒரு மன்னிப்புக் கேட்டுரு ஸுமைரா," என்றார் அஸ்ஃபர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் வேற என்னத்தச் செய்ய? அவ பயந்து போய் ஈக்கிறா."

"சரி நானா, வாரன்," என்றாள் ஸுமைரா. மன்னிப்புக் கேட்பதாக அவள் சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் முஹைதீன் ஹாஜியார் மாப்பிள்ளை வீட்டாரைப் போல உட்கார்ந்திருந்தார். வாடகையோடு புண்ணியமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அபூர்வம் அல்லவா. சாமியின் உதவியாள் நிலூஷா வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ கொடுத்து, ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் ஸுமைரா, அஸ்ஃபர், றிப்தா மூவரும் உட்கார்ந்தார்கள். சாமி கண்ணைச் செருகுவதற்கு முன் ஸுமைரா குறுக்கிட்டாள்.

"சாமி, மண்டபத்துக் கரண்ட ஓஃப் பண்ணிட்டுக் கேட்டா ஊசி சொல்லுமா?"

கூட்டம் முணுமுணுத்தது. துருவநாதர் புன்னகைத்தார்.

"மகளே, மின்சார சபையை நம்பியா துருவசக்தி இருக்கிறது? தாராளமாக அணையுங்கள்."

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். காற்றாடிகள் ஓய்ந்தன. "யார்?" என்றார் சாமி. ஊசி ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பி ஸுமைராவைக் காட்டியது.

"டீச்சருக்கே பாடம் எடுத்திருச்சு பாத்தீங்களா," என்றார் புசல்லாவையிலிருந்து வந்த அந்தோனி, உள்ளம் குளிர்ந்துபோய். சாமியின் பக்தர்களில் அவர் முதல் வரிசை.

"போதும் ஸுமைரா, மானம் போவுது," என்று அஸ்ஃபர் பல்லைக் கடித்தார்.

ஸுமைராவின் காது சுட்டது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பெட்டரியை வைத்துத்தான் ஊசியைத் திருப்பிக் காட்டுகிறாள். இங்கே வந்து சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் நினைத்திருக்கிறாள். மேசைக்கடியில் பெட்டரி இருக்கிறது என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? விரிப்பில் கைவைத்தால் பக்தர்கள் கையை முறித்துவிடுவார்கள். ஊசிக்குத் தெரிகிறதா, சாமிக்குத் தெரிகிறதா? கேட்க வேண்டியது அது ஒன்றுதான்.

"சாமி, ஊசி தானாத்தானே காட்டுது? நீங்க காட்டல்லயே?"

"நான் வெறும் சாட்சி, மகளே. நான் கண்ணை மூடிக்கொண்டாலும் துருவசக்தி பேசும்."

"அப்ப ஒங்கட கண்ணக் கட்டுவோமா?"

சாமியின் புன்னகை ஒரு பக்கம் மட்டும் நின்றது. அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அந்தோனிதான் அவரை மாட்டிவிட்டார்.

"கட்டிக்கங்க சாமி. இதோட டீச்சர் வாய அடைச்சிருவோம்."

கூட்டம் ஆமோதித்தது. ஹாஜியார் தன் சால்வையையே கழற்றிக் கொடுத்தார். துணி கண்ணில் விழுமுன் சாமி ஸுமைராவின் கதிரையை ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையை ஸுமைராவும் பார்த்துக்கொண்டாள்.

கட்டி முடிந்ததும் அவள் ஓசைப்படாமல் எழுந்தாள். வாயில் விரலை வைத்து, ஹாஜியாரைத் தன் கதிரைக்கு வரச் சொல்லிச் சைகை காட்டினாள். ஹாஜியார் தயங்கவில்லை. அவள் எங்கே போய் ஒளிந்தாலும் ஊசி தேடிப் பிடிக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கூட்டமும் அதே நம்பிக்கையில் மூச்சுக் காட்டாமல் இருந்தது. ஸுமைரா எதிர்ப்பக்கம் போய் றிப்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"யார்?"

ஊசி உலுக்கியது, திரும்பியது, ஹாஜியாரின் தாடிக்கு நேராக நின்றது.

கண்கட்டோடு இருந்த சாமிக்கு உற்சாகம் பொங்கியது. "பார்த்தீர்களா பக்தர்களே? நாணம் கெட்டவள். முட்டையில் மந்திரம் எழுதி வாசலில் புதைத்தவள் இவள்தான். இவளை வீட்டை விட்டு விலக்கினால்தான் இந்தக் குடும்பம் உருப்படும்."

ஹாஜியார் தன் நெஞ்சில் தானே விரலை வைத்து, 'நானா?' என்பதுபோல எல்லாரையும் பார்த்தார். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"சாமி," என்றார் அந்தோனி மெதுவாக, "ஹாஜியார எந்த வீட்ட விட்டு வெலக்குறதுங்க? இந்த மண்டபமே அவரோடதாச்சே."

சாமி சால்வையை இழுத்துப் பார்த்தார். "வெளிச்சக்தி குறுக்கிட்டுவிட்டது," என்று ஆரம்பித்தார். ஆனால் முட்டை புதைத்த பழி சுமந்த ஹாஜியார் அதற்குள் எழுந்து, வெல்வெட் விரிப்பைத் தன் கையாலேயே உருவி எறிந்திருந்தார்.

மேசைப் பலகையின் அடியில், ஒவ்வொரு கதிரைக்கும் நேராக ஒரு பெரிய இரும்பு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் பெட்டரி. சாமியின் கால் இருந்த இடத்தில், கம்பளத்துக்கடியில், பட்டன்கள்.

ஸுமைரா குனிந்து ஒரு பட்டனை அழுத்தினாள். ஊசி அஸ்ஃபரைக் காட்டியது. அவர் தன்னையறியாமல் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"பயப்படாதீங்க நானா. கம்பியில கரண்ட் போனா அதச் சுத்திக் காந்தப்புலம் வரும். இரும்பாணியில சுத்தினா ஆணியே காந்தமாகி ஊசிய இழுக்கும். பட்டன விட்டா காந்தமும் போயிடும். நடுவுல இருக்கிற பலகையும் பித்தளையும் அத மறிக்காது. எங்கட புள்ளைகள் சோதனைக்கு எழுதுற பாடம் இது."

"அப்ப இதுக்குள்ள சக்தி ஒண்ணும் இல்லீங்களா?" என்றார் அந்தோனி.

"ஈக்கிது. பெட்டரி சக்தி."

நிலூஷா தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுக் தேநீர் கொதித்த குசினிப் பக்கமாக நழுவினாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த றிப்தா முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "அன்னக்கி அந்தப் புள்ள டீ தந்து, யார் மேல சந்தேகம்னு கேட்டா. காலையில ஒன்னோட வாய்ச்சண்ட புடிச்சிட்டு வந்த கோபம். ஒன்ட பேரச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல ஊசியும் ஒன்னக் காட்டினதும் உண்மதான்னு நெனச்சிட்டேன்."

ஸுமைராவிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. மதினியின் வீங்கிய முழங்கையைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"குளிசையெல்லாம் எங்க மதினி?"

"அலுமாரியில."

"எடுத்துக்கிட்டு இப்பவே டாக்டர்கிட்டப் போவோம். எழும்புங்க."

பொலிஸ் வந்து துருவநாதரை ஜீப்பில் ஏற்றும்போது அவருடைய கால், அங்கே இல்லாத பட்டனைத் தேடித் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததாகச் சிலர் சொன்னார்கள். அது மிகையாக இருக்கலாம்.

வாசலில் அந்தோனி வந்து ஸுமைராவை மறித்தார். முகத்தில் பெரிய கவலை.

"எல்லாம் சரிங்க டீச்சர். போன கிழமை ஊசி என் தம்பியக் காட்டிச்சு. அவன வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். அவன் இல்லேன்னா, எங்க வீட்டுக்குச் செய்வினை வெச்சது யாருங்க?"

"யாரோ வெச்சாங்கன்னு முதல்ல ஒங்களுக்குச் சொன்னது யாரு?"

அந்தோனி வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், போய்க்கொண்டிருந்த ஜீப்பைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துத் தம்பியின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

அவ்வளவுதான் வேலை, பெரியோர்களே. யோசிப்பதற்கு, சாமியைப் பார்ப்பதற்குப் போல, விடியற்காலையில் வந்து நம்பர் எடுக்க வேண்டியதில்லை. யோசிக்கிற பக்கம் இன்னும் கூட்டமே இல்லை.